முட்டியில் ஓர் ஆதாரம்

"காஞ்சிருச்சான்னு பாரு" என்று புதன்கிழமை ராத்திரி மருதையன் அடிபட்ட முட்டியை நீட்டினார்.

மனைவி அஞ்சுகம் குனிந்து பார்த்தாள். "ஈரமாத்தாங்க இருக்கு. விட்டா தானா ஆறும்."

"எப்பவோ ஆறி என்ன பண்ண? ஞாயித்துக்கிழமைக்குள்ள காயணும்!"

அன்று காலைதான் மருதையனும் சக குமாஸ்தா நடராசனும் கோவில்பத்திலிருந்து ஆபீசுக்குச் சைக்கிளில் சேர்ந்து போனார்கள். காயம் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பேச்சு வந்தது. காய்வதால்தான் காயம் என்றார் மருதையன். உடம்புக்குக் காயம் என்று பழைய பெயர் உண்டு, அந்தப் பெயரே உடம்பில் பட்ட அடிக்கும் வந்தது என்றார் நடராசன். கையை வீசிப் பேசியதில் இரண்டு சைக்கிளும் பின்னிக்கொள்ள, இரண்டு பேருக்கும் முட்டித் தோல் பெயர்ந்தது.

தரையில் கிடந்தபடியே நடராசன் விடவில்லை. "காயாத புண்ணும் உண்டுய்யா. ஞாயித்துக்கிழமை தமிழ் மன்ற மேடையில முட்டியைக் காட்டுவோம். உன்னுது காஞ்சிருக்கணும், என்னுது காயாம இருக்கணும். சொன்னபடி முட்டி இல்லாதவன் அங்கேயே மீசையை எடுக்கணும்!"

"சரிய்யா!" என்றார் மருதையன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கும் மீசை. அது இல்லாமல் தன் முகம் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, உச்சி வெயிலில் மொட்டை மாடியில் காலை நீட்டி உட்கார்ந்தார். உடம்பு வியர்வையெல்லாம் வழிந்து முட்டியில் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு டப்பா பவுடரைக் கொட்டினார். அது களியாகிவிட்டது.

"எங்க ஊரு வரிச்சிக்குடியில அருவா பட்டா 'ஐயோ'ன்னுதான் சொல்லுவோம். 'ஐயோ' எங்கேருந்து வந்துச்சுன்னு யாரும் சண்டை போட்டதில்ல" என்றாள் அஞ்சுகம்.

"உனக்கென்ன, மீசையா போகுது?"

அன்று முதல் குழம்பு, ரசம், மோர் எல்லாவற்றையும் நிறுத்தினார். உள்ளே இருக்கிற ஈரம் போனால்தானே வெளியே காயும்! வெறும் சோறு தொண்டையில் அடைத்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, முட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார். பெட்டி தோலில் பட்டுவிட்டது. இருந்த புண்ணுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு கொப்புளமும் வந்தது. அஞ்சுகம் ஓடிப்போய் ரிக்‌ஷா கூட்டி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சலோமி முட்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், எப்படியாவது நாளைக்குள்ள காய வச்சிடுங்க. மானப் பிரச்சினை" என்றார் மருதையன். கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கா? ரெண்டு வாரம் ஆவும். இதுல சூடு வேற வச்சிருக்கீங்க." பஞ்சை எடுத்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இந்த ஊர்ல எல்லாருமே இப்படித்தானா சார்? இப்பதான் நடராசன்னு ஒருத்தர் வந்து, 'எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் முட்டி காஞ்சு போவுது, காயாம இருக்க ஒரு மருந்து குடுங்க'ன்னு அழுதுட்டுப் போறாரு!"