மச்சினனுக்கு ஒரு ஸ்கோப்

“என் மச்சினன் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கோப் வாங்கியிருக்கான். நல்லதான்னு உன்கிட்ட கேக்கச் சொன்னான்” என்றார் வெர்ன்.

சொல்லும்போதே அவருக்குக் காது சூடாகிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் பொய் சொல்லிப் பழகுவது, அந்த வயதில் சைக்கிள் பழகுவது மாதிரிதான்.

டுவைட் உதிரி பாகத்துக்குச் சீட்டு நீட்டிக்கொண்டு சாமான் அறை ஜன்னலில் நின்றிருந்தார். “எந்த ஸ்கோப்?”

“மேல தங்கக் கலர்ல கோடு போட்டிருக்குமே. பெட்டியில கழுகுப் படம்.”

“உன் மச்சினன் மேல உனக்கு ஏதாவது கோவமா?”

“ஏன்?”

“அது மேல ஈ உக்காந்தாலே குறி மாறிடும். நாலு தடவ சுட்டா உள்ள இருக்கிறதெல்லாம் கழண்டு ஆடும். வாங்கின கடையிலயே திருப்பிக் குடுக்கச் சொல்லு.”

வெர்னின் மேஜைக்கு அடியில், துப்பாக்கிமேல் பூட்டிக் குறிபார்க்கும் அந்த ஸ்கோப்பின் கழுகுப் பெட்டி, வண்ணத்தாள் சுற்றி ரிப்பன் கட்டித் தயாராக இருந்தது. அவர் காலால் அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

வயோமிங்கின் அந்த நிலக்கரிச் சுரங்கத்தில் வெர்னுக்குச் சாமான் அறைப் பொறுப்பு, இருபத்தொன்பது வருடமாக. யார் வேலையை விட்டுப் போனாலும் வழியனுப்புப் பரிசு வாங்குவது அவர் தலையில்தான் விடியும். அதுவரை பதினோரு தூண்டில், ஆறு கடிகாரம், ஒரு ஆடும் நாற்காலி வாங்கியிருந்தார். ஒருவரும் குறை சொன்னதில்லை.

இரண்டு வாரம் முன்பு மேலாளர் கர்ட்டிஸ் அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“மாசக் கடைசி வெள்ளிக்கிழமை டுவைட்ட வேலைய விட்டு அனுப்புறோம். கரி யாருக்கும் வேண்டாம்ங்கிற காலம், உங்களுக்கே தெரியும். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது, வெர்ன். மூச்சு விடாதீங்க. பரிசு மட்டும் நல்லதாப் பாருங்க. அவர்தான் துப்பாக்கிப் பைத்தியமாச்சே, ஒரு ஸ்கோப் வாங்கிடுங்க.”

சொல்லி முடிக்கும்வரை கர்ட்டிஸ் பேனாக்களை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருடம் லாரிகளுக்குக் கீழே படுத்துக் கிடந்த மனிதனை அனுப்புகிற வெட்கம் என்று வெர்ன் நினைத்துக்கொண்டார்.

டுவைட் சனிக்கிழமைதோறும் ஆயிரம் கஜத்துக்கு அப்பால் தொங்கும் இரும்புத் தட்டைச் சுடுகிறவர். வெர்னுக்கு அந்த வாடையே கிடையாது. அந்த ஊரில் துப்பாக்கி தொடாத ஆண்பிள்ளை என்று பார்த்தால் வெர்னும் பாதிரியாரும்தான். பாதிரியாரும் மான் வேட்டைக் காலத்தில் ஊரில் இருக்கமாட்டார்.

கழுகுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெர்ன் கடைக்காரரிடம், “இருக்கிறதிலேயே பெரிசாக் காட்டுறதக் குடுங்க” என்றார்.

மச்சினன் வேறு மாற்றிவிட்டான் என்று மறுநாள் சொன்னதும் டுவைட் தலையில் அடித்துக்கொண்டார். “அவ்வளவு பெரிசாக் காட்டினா வெயில்ல கானல்தான் தெரியும். தட்டு பாம்பு மாதிரி நெளியும். பெரிசாக் காட்டுறதா முக்கியம்? மேல இருக்கிற திருகப் பத்து டிக் ஏத்தி, பத்து டிக் இறக்கினா, கிளம்புன இடத்துக்கே வந்து நிக்கணும். கீழ விழுந்தாலும் அடிபட்டாலும் குறி நகரக் கூடாது. அத நம்பித்தானே மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் படுக்கிறோம். அந்த ஸ்கோப்பக் கொண்டாரச் சொல்லு, சோதிச்சுத் தரேன்.”

“அவன் நெப்ராஸ்காவுல இருக்கான்.”

“ஸ்கோப் எங்க இருக்கு?”

வெர்ன் யோசிக்காமல், “இங்கதான்” என்றார்.

“மச்சினன் அங்க, ஸ்கோப் இங்கயா?”

“கால் ஒடிஞ்சு போச்சு.”

“ஸ்கோப்புக்கா?”

“மச்சினனுக்கு.”

அன்று மாலை டுவைட் வீட்டுக் கொட்டகையில் சோதனை நடந்தது. ஸ்கோப்பைத் தன் துப்பாக்கியில் பூட்டி, குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்து, இடுப்பு உயரத்திலிருந்து ரப்பர் விரிப்பின் மேல் மல்லாக்கப் போட்டார். எடுத்து உள்ளே பார்த்தார். பக்கவாட்டில் ஒரு தடவை போட்டார். மறுபடி பார்த்தார்.

“குறி ஒரு ஜாண் தள்ளிப் போயிடுச்சு” என்றார், மகிழ்ச்சியாக. “நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது.”

கடைக்காரர் கீறல்களை விரலால் தடவிப் பார்த்தார். “இத ரோட்டுல கட்டி இழுத்தீங்களா?” என்று கேட்டுப் பெட்டியை வெர்ன் பக்கமே நகர்த்திவிட்டார்.

அடுத்த நாள் டுவைட் விடவில்லை. “என்ன சொல்றான் மச்சினன்?”

வெர்னுக்கு அலுத்துவிட்டது. “மச்சினனுமில்ல ஒண்ணுமில்ல. எனக்குத்தான். இந்த வயசுல ஆரம்பிக்கிறோமேன்னு சொல்ல வெக்கமா இருந்துது.”

டுவைட் கையிலிருந்த சீட்டை ஜன்னல் பலகையில் வைத்தார். பிறகு கிரீஸ் கையோடு வெர்னின் தோளைப் பிடித்தார். “நல்ல காரியம் பண்ணினே. மனுஷனுக்கு வேலைய விட்டா வேற ஒண்ணு வேணும்ய்யா. இங்கயேவா கெடந்து சாகப் போறோம்?”

வெர்னுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவி மனிதன், தன் கழுத்துக்குக் கத்தி வந்திருப்பது தெரியாமல் எனக்குப் புத்தி சொல்கிறானே என்று கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை டுவைட் அவரைச் சுடும் திடலுக்குக் கூட்டிப்போனார். தன்னுடைய கனமான கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, தான் சட்டையோடு அந்தக் காற்றில் நின்றார். வெர்னைத் தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்.

“கண்ண ஸ்கோப்போட ஒட்டாதே. நாலு விரக்கடை தள்ளி வை.”

“சரி.”

“தட்டு தெரியுதா?”

தெரியவில்லை. சரியாகப் பார்க்கலாமே என்று வெர்ன் கொஞ்சம் முன்னால் போனார். சுட்டார். துப்பாக்கி உதைத்த உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்துக்கு மேலே பிறை வடிவில் வெட்டிவிட்டது. குண்டு மலையில் போய்ப் பட்டது. மலை பெரிது என்பதால் அதுவாவது முடிந்தது.

டுவைட் தன் கைக்குட்டையால் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “எல்லாருக்கும் முதல்ல இது உண்டு. விட்டுடாதே, வெர்ன். இத மட்டும் விட்டுடாதே” என்றார். அவர் குரல் ஏனோ கம்மியிருந்தது. குளிர் போலிருக்கிறது.

வீட்டில் மனைவி ரோண்டா கையில், வண்டி சீட்டுக்கு அடியில் அவர் ஒளித்துவைத்திருந்த கீறல் விழுந்த ஸ்கோப் இருந்தது.

“வரப்போற என் தங்கச்சி வீட்டு விருந்துக்கு வர முட்டி வலின்னே. தரையில படுத்துச் சுடுறதுக்கு வலிக்கலையா?”

“அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாம் சொல்றேன், ரோண்டா.”

“வெள்ளிக்கிழமை என்ன, தேர்தலா? இப்ப சொல்லு.”

சொல்ல முடியாது. ரோண்டாவின் தங்கைதான் டுவைட் மனைவிக்கு முடி வெட்டுகிறவள். காலையில் சொன்னால் மதியம் கத்திரிக்கோலோடு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். வெர்ன் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு ரோண்டாவும் திறக்கவில்லை. தட்டுகள் மட்டும் மேஜையில் ஓசையோடு வந்து விழுந்தன.

சுரங்கத்தில் எல்லாரும் புருவப் பிறையைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்துகொண்டே போனார். ஒருவரும் சிரிக்கவில்லை. உணவுக்கூடத்தில் கேட்காமலே இரண்டு இலவங்கப்பட்டை ரொட்டி வைத்தார்கள். எப்போதும் எரிந்து விழுகிற லாரி ஓட்டுநர்கூட, “உடம்பப் பாத்துக்கோங்க வெர்ன்” என்றான். ஒரு காயத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. கர்ட்டிஸ் மட்டும் அவரைக் கண்டால் வேறு படியில் இறங்கிப் போனார்.

கடைசியில் டுவைட்டே ஒரு ஸ்கோப்பைச் சொன்னார். கறுப்பு, தடித்த குழாய், சுத்தியல் கனம், அழகு என்று எதுவும் கிடையாது. “மாடு மிதிச்சாலும் குறி மாறாது. வாங்கினா இத வாங்கு. இல்லன்னா வாங்காதே.”

“உன்கிட்ட இருக்கா அது?”

“நான் எங்க வாங்க? பழசே போதும்னு ஓட்டுறேன்” என்று டுவைட் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் வெர்னைப் பனிக்காற்றில் மூன்று மணி நேரம் பில்லிங்ஸ் நகரத்துத் துப்பாக்கிக் கடை வரைக்கும் வண்டி ஓட்டவைத்தது. அன்று ரோண்டாவின் தங்கை வீட்டு விருந்து. திரும்பி வந்தபோது சமையலறையில் ஒரு சீட்டு இருந்தது: ‘தங்கச்சி வீட்டுலயே இருக்கேன். நீ உன் துப்பாக்கியோட இரு.’ வெள்ளிக்கிழமை போய்க் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்துவிடலாம் என்று வெர்ன் சூப்பைத் தானே சுடவைத்துக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாரையும் உணவுக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். மிளகாய்க் கறி, ரொட்டி, ஒரு கேக். வெர்ன் கறுப்புப் பெட்டியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் நின்றார். டுவைட் தேடி வந்து அவர் முழங்கையைப் பிடித்தார்.

“வா, முன்னால வந்து உக்காரு.”

“நீ உக்காரு டுவைட். நான் நிக்கிறேன்.”

“இன்னைக்காவது சொன்னதக் கேளேன்யா.”

இருவரும் ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும்போதே கர்ட்டிஸ் தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார். சந்தை நிலவரம், கனத்த மனம், குடும்பம் மாதிரி இருந்தோம். பிறகு, “டுவைட்” என்றார்.

டுவைட்டின் கை வெர்னின் முழங்கையிலிருந்து நழுவியது.

“என் பேரா?” என்றார். “கர்ட்டிஸ், என் பேரயா படிச்சீங்க?”

கர்ட்டிஸ் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கூட்டத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். வெர்ன் பெட்டியை நீட்டினார். டுவைட் மெதுவாக ரிப்பனை அவிழ்த்தார். கறுப்புக் குழாயைப் பார்த்தார். திருகைப் பழக்கத்தில் ஏற்றினார், இறக்கினார். பத்து டிக், பத்து டிக்.

“எனக்கா இது?” என்றார். “அப்போ நீ கேட்டதெல்லாம்?”

“மன்னிச்சுக்கோ. சொல்லக் கூடாதுன்னு மேல உத்தரவு.”

டுவைட் அவரையே பார்த்தார். வேலை போனவன் பார்க்கிற பார்வையாக அது இல்லை. பெட்டியை மூடித் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது அலுவலகத்தில் சம்பளச் சீட்டு எழுதுகிற பெவ், கேக்கைச் சுற்றி வந்து வெர்ன் முன்னால் நின்றாள். அவள் கையிலும் ஒரு கறுப்புப் பெட்டி. அதே அளவு, அதே கனம்.

“யாருக்கு பெவ் இது?” என்றார் வெர்ன்.

“உங்களுக்குத்தான் வெர்ன், பட்டியல்ல அடுத்த பேரு உங்களுது, என்ன வாங்கலாம்னு டுவைட்கிட்டத்தான் ரகசியமாக் கேட்டோம், உங்களுக்கு ஸ்கோப்புன்னா உயிருன்னு அவருதான் சொன்னாரு.”