வெளிப்பக்கம் மடித்த இலைகள்

மந்தாரக்குப்பம்
மாசி மாதம், திங்கட்கிழமை, மத்தியானம்

அன்புள்ள மாப்பிள்ளை செங்குட்டுவன் அவர்களுக்கு, மச்சான் குஞ்சிதபாதம் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் தங்கை பொற்கொடியும், உங்கள் மகள் இசைப்பிரியாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மஸ்கட் வெயிலும் உங்கள் சூப்பர்வைசரும் உங்களிடம் மிதமாக நடந்துகொள்ளும்படி வேலுடையான்பட்டு முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். நேற்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஓட்டலில் சாப்பிட்ட அத்தனை பேரும் இலையை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்து போனார்கள். பொற்கொடி அடுப்பை அணைத்தாள். இன்றைக்குக் கடை திறக்கவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனைக் காதில் வைத்தாலே பொற்கொடி பக்கத்தில் வந்து நிற்கிறாள். கமலா அக்கா மகன் லீவு முடிந்து மஸ்கட் புறப்படுகிறான். அவன் பெட்டியில் முறுக்கோடு இந்தக் கடிதமும் வரும். முறுக்கை முதலில் தின்றுவிட்டு மேலே படியுங்கள்.

'சாப்பிடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள் மச்சான், நன்றாகச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன்' என்று கேட்டிருந்தீர்கள். நானும் கடை திறந்த நாளிலிருந்து கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாய் சொல்வதை நான் நம்புவதில்லை. வாழையிலை வியாபாரத்தில் தலை நரைத்தவன், எனக்கு இலைதான் சாட்சி. மேல் பாதியைத் தன் பக்கமாக மடித்தால் வயிறு நிறைந்தது, உறவு தொடரும், நாளைக்கும் வருவான். அடிப்பக்கத்தைத் தூக்கி அந்தப் பக்கமாக மடித்தால் அது சாவு வீட்டு மடிப்பு, இனி இந்த வாசல் வேண்டாம் என்று அர்த்தம். இதற்குப் பொழிப்புரை வேறு எழுத வேண்டுமா?

முதல் நாளே சிலபேர் வெளிப்பக்கம் மடித்தார்கள். புதுக் கடை, கைப்பழக்கம் என்று விட்டேன். ஆனால் மாப்பிள்ளை, அந்த மத்தியானங்களை என்னவென்று எழுதுவது? நிலக்கரிச் சுரங்கத்தில் காலை ஷிப்ட் முடிந்து ஆட்கள் வருவார்கள். கண்ணில் பாதித் தூக்கம், புருவத்தில் கரித்தூள். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் அனல் மின் நிலையத்து வெள்ளை ஆவி மெதுவாக மேலே போகும், உள்ளே சோற்று ஆவி மெதுவாக மேலே போகும், கொஞ்ச நேரத்தில் எது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. மேகத்தை வடித்துத்தான் பொற்கொடி பரிமாறுகிறாளோ என்று தோன்றும். மின்விசிறி ஏதோ கதை சொல்வதுபோல் சுற்றும். நான் ஏலத்தில் எடுத்துப்போட்ட மேசைகள் நினைவிருக்கிறதா? ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துக் கட்டியவை, அசல் தேக்கு, பேனா வைக்கும் பள்ளத்தில் ஊறுகாய்க் கிண்ணம் கச்சிதமாக உட்காருகிறது, வேறு எவனுக்கும் இந்த யோசனை வராது. அதில் எந்தக் காலத்துப் பிள்ளைகளோ பேர் கீறிவைத்திருக்கிறார்கள். அகிலா என்று ஒரு பேர், அதன் மேல் இலை, இலையின் மேல் சோறு. சாப்பிட்டு முடித்த ஆள் இலையை எடுத்ததும் அந்தப் பேரைத் தடவிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். எழுப்ப மனசு வராது. வியாபாரிக்கு இது நல்லதில்லை, அடுத்த ஆள் நிற்கிறான். இருந்தாலும் எனக்கும் கண் சொக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். இங்கே சாப்பிட உட்காருகிறவர்கள் முதலில் மடியில் கைக்குட்டை விரிக்கிறார்கள், இல்லாவிட்டால் பேப்பர் விரிக்கிறார்கள். குவார்ட்டர்ஸ் ஆட்களின் நாகரிகம் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் வடக்குத்துக் கிராமத்து கான்ட்ராக்ட் ஆட்களும் துண்டை மடியில் போட்டார்கள். நாகரிகம் பரவுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஆனால் இலைகள் வெளிப்பக்கமாகவே மடிந்துகொண்டிருந்தன. சரி, கேட்டுவிடுவோம் என்று மேசை மேசையாகப் போனேன். மைன்ஸில் பெர்மனென்ட்டாக இருக்கும் சிங்காரவேலு, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தினமும் வருகிறவர், அவரிடம் சாம்பார் எப்படி என்றேன். "சாம்பாரு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ரெண்டு சில்லு தேங்கா அரைச்சு விட்டா இன்னும் எடுப்பா இருக்கும்லா" என்றார். மறுநாள் தேங்காய் அரைத்துவிடச் சொன்னேன். அவர் மனைவி புஷ்பவல்லி கோயம்புத்தூர்ப் பெண், "தேங்காயெல்லாம் எதுக்குங்க, காரத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க போதும்" என்றார். காரத்தைக் குறைத்தோம். வடக்குத்துக் கார்முகில் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னா மாமா, ஆஸ்பத்திரி சாம்பாரா? ஜொரம் வந்தவனுக்கு ஊத்தறத எனக்கு ஊத்திக்கினு இருக்கீங்க" என்றான். அப்புறம் ஒரே அடுப்பில் மூன்று மாவட்டத்துச் சாம்பார் கொதித்தது. பரிமாறுகிற பேச்சியம்மாள் எந்த வாளி எந்த மாவட்டம் என்பதை மறந்துபோய்க் கார்முகிலுக்குக் கோயம்புத்தூரையும் புஷ்பவல்லி அம்மாவுக்கு வடக்குத்தையும் ஊற்றிவிட்டாள். அந்த அம்மா குடித்த தண்ணீருக்கு ஒரு குடம் காலி. அன்றைக்கும் எல்லோரும் இலையை வெளிப்பக்கம்தான் மடித்தார்கள். "நான் ஆக்கறது சாவு வூட்டு சோறா அண்ணே?" என்று பொற்கொடி கேட்டாள். நான் கணக்குச் சிட்டை எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இசைப்பிரியா செல்போனில் பார்த்து, நம் கடைக்கு இரண்டரை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் மாமா என்றாள். நட்சத்திரத்தைப் பாதியாக நறுக்குகிறவன் எவன்? நானே நுனியிலையை அப்படி நறுக்கியதில்லை.

கடைசியில் என் புத்திக்கு எட்டிய ஒரு காரியம் செய்தேன். 'சாப்பிட்டபின் இலையை உள்பக்கமாக மடிக்கவும்' என்று ஒரு போர்டு எழுதி மாட்டினேன். நெய்வேலி ஆட்கள் போர்டுக்குக் கட்டுப்பட்டவர்கள், வாசலுக்கு வாசல் பாதுகாப்பு போர்டு படித்தே வளர்ந்தவர்கள். அன்றைக்கு எல்லோரும் உள்பக்கம் மடித்தார்கள். மடித்த கையோடு எல்லோரும் ஒரேயடியாகக் குழாயடிக்கு ஓடினார்கள். சிங்காரவேலு யூனிஃபார்ம் பேண்டைக் கசக்கியபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு மத்தியான ஷிப்டுக்கு அவர் ஈரக் காலோடு போனார். ரசம் தண்ணியாகப் போய்விட்டது, அதனால்தான் சிந்துகிறது என்று கண்டுபிடித்தேன். மறுநாள் ரசத்தைக் கெட்டியாக வைக்கச் சொன்னேன். "ரசத்த கெட்டியா வெச்சா அதுக்குப் பேரு இன்னா அண்ணே?" என்று பொற்கொடி கேட்டாள். கார்முகில் அதைச் சோற்றில் ஊற்றச் சொல்லாமல் தொட்டுக்கொண்டு தின்ன இட்லி இருக்கிறதா என்று கேட்டான்.

சனிக்கிழமை மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு. மடித்த இலைகளெல்லாம் எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, வரிசையாகக் கடலூர் ரோட்டில் நடந்து போகின்றன. அவசரமே இல்லை. குறிஞ்சிப்பாடி பஸ் வந்து நிற்க, ஒவ்வொன்றாகப் படியேறி ஜன்னல் ஓரம் உட்காருகின்றன. நான் பின்னால் போய்க் கூப்பிடுகிறேன், ஒன்றும் திரும்பவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார், விழித்துப் பார்த்தால் குக்கர். மறுநாள்தான் நான் முதலில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை. போர்டைப் பார்த்துக்கொண்டே, ஒருத்தர் பாக்கியில்லாமல், இரண்டாம் சோறு வாங்கித் தின்ற கார்முகில் உட்பட, இலையை அந்தப் பக்கமாக மடித்தார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, உள்ளதைச் சொல்கிறேன். வரவேண்டாம். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள். பொற்கொடி உங்களை நினைத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கும் தெரியும், இசைப்பிரியா உங்கள் முகத்தைச் செல்போன் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறாள் என்பதும் தெரியும். ஆனால் சரக்கு போகவில்லை என்றால் கடையைக் கட்டுவதுதான் வியாபாரம். அண்ணன் என்பதற்காக நான் கணக்கை மாற்றிச் சொல்லமாட்டேன். நீங்கள் நோய்நொடி இல்லாமல், கை நிறைய, மனசு நிறைய இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், எந்தப் பக்கம் மடிக்கிறோம் என்று யோசிக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மச்சான்,
குஞ்சிதபாதம்
வாழையிலை மண்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை கேட்டேன். பொற்கொடி ஒரு இலையையே கொண்டுவந்து முன் மேசையில் போட்டாள். "அதான் கடைய மூடியாச்சே. ஒரு நாளாவது நீ எலையில குந்தி சாப்டு அண்ணே" என்றாள். உங்களுக்குத் தெரியாதது இல்லை, நான் இலை வியாபாரி, ஊருக்கெல்லாம் இலை போட்டுவிட்டு எவர்சில்வர் தட்டில், கல்லாவில் வைத்துச் சாப்பிடுகிறவன். நட்டமில்லாத பழக்கம். இன்றைக்கு உட்கார்ந்தேன்.

அவளுக்குப் பிடித்தமாதிரி, எந்த மாவட்டமும் இல்லாத சாம்பார். அப்புறம் தண்ணீர்போல் தெளிந்த ரசம். மிளகு மணத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது மாப்பிள்ளை. மின்விசிறியும் ஆவியும் மத்தியானமும் ஒன்றாகக் கலந்து என்னைத் தாலாட்டின. அந்தச் சுகத்திலேயே ரசம் மெதுவாக, வெதுவெதுப்பாக என் வேட்டிக்கு வந்து சேர்ந்தது. நான் அவசரமாக இலையின் அடிப்பக்கத்தைத் தூக்கி அந்தப் பக்கமாக மடித்தேன். மடித்தபிறகு கையைப் பார்த்தேன். அப்புறம் மேசையைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து மேசை, பிள்ளைகள் குனிந்து எழுதத் தோதாகப் பலகை நம் பக்கம் சரிந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் சிங்காரவேலு, புஷ்பவல்லி அம்மா, பின்னால் தோளில் துண்டோடு கார்முகில். "என்ன அண்ணாச்சி பூட்டிப் போட்டிய? பசிக்குல்லா" என்றார் சிங்காரவேலு. நீங்கள்தானே ஐயா நேற்று வெளிப்பக்கம் மடித்துவிட்டுப் போனீர்கள் என்றேன். "மடியில ரசத்த ஊத்திக்கிட்டு உறவு கொண்டாடச் சொல்லுதியளா?" என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க சாம்பாரப் பத்தித்தான கேட்டிய?"

கார்முகில் என் வேட்டியைப் பார்த்தான். "மாமா, இனிமே துண்டு கொண்டாங்க" என்றான். பொற்கொடி உள்ளே சிரித்த சத்தம் கேட்டது. கடை திறந்த நாளிலிருந்து நான் கேட்காத சத்தம். உலை வைத்துவிட்டாள்.

ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் முறுக்குப் பொட்டலம் கட்ட வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள். தச்சர் ராயப்பன் நாளைக்கு வந்து மேசைகளின் நம் பக்கத்துக் கால்களுக்குக் கட்டை வைத்துச் சமமாக்குகிறார். பொற்கொடிக்கும் எனக்கும் பேசி முடித்த ஒப்பந்தத்தையும் தெரிவித்துவிடுகிறேன்: நீங்கள் வந்து கல்லாவில் உட்காரும்வரை இலை முழுக்க என் மண்டியிலிருந்து, விலை கிடையாது, பதிலுக்கு எனக்குத் தினம் ஒரு சாப்பாடு, மற்றவர்களோடு மேசையில், இலையில், ரசம் எத்தனை தடவை கேட்டாலும் உண்டு, சாம்பாரைப் பற்றி வாய் திறந்தால் அன்றைக்கு மோர் கிடையாது.