எண்பதாம் போர்ட்டில் சனி

ஐ.டி.யில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைகள் மாமனாருக்கு எதையும் விளக்கக் கூடாது. 'அதெல்லாம் கம்ப்யூட்டர் சமாச்சாரம் மாமா' என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்க வேண்டும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

மண்ணூர்பேட்டை ஃபிளாட்டில் என் மனைவி சுமதி மதியச் சாப்பாடு சமைத்து விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி அவளிடம் மொத்தமாகச் சாப்பாடு எடுக்க யோசித்தது. அது கிடைத்தால் தனியாக ஒரு சமையற்கூடமே பிடித்துவிடலாம். கேன்டீன் மேனேஜர் ருசி பார்க்க வருவதாக ஏற்பாடு. அவரிடம் மெனுவைக் காட்ட நான் ஒரு வெப்சைட் செய்து, பழைய கம்ப்யூட்டரையே சர்வராக்கி ஓட விட்டிருந்தேன்.

அவர் வரும் நேரம் பார்த்து மாமா கேட்டார். "இது எப்டி மாப்ள வேல செய்யுது?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உள்ள நுழைய வாசல் மாதிரி போர்ட்னு ஒண்ணு இருக்கு மாமா. நம்மளது எண்பது."

மாமாவின் முகம் மாறிவிட்டது. "எட்டும் சைபரும் எட்டு. சனியோட நம்பரு. அத்தப் போய் வாசல்ல வெச்சிகினு கீறீங்களே. பொண்ணு பொழப்பு மாப்ள, மாத்துங்க."

மறுத்திருக்கலாம். (கல்யாணமானவர்களுக்குத் தெரியும், முடியாது.) ஒன்பதாயிரம் என்று மாற்றினேன். கூட்டினால் ஒன்பது. மாமா கீபோர்டுக்கு விபூதி பூசினார்.

மேனேஜர் வந்து உட்கார்ந்தார். புது எண்ணோடு முகவரியைத் தட்டி, லேப்டாப்பை அவர் பக்கம் பந்தாவாகத் திருப்பினேன். '404, பக்கம் கிடைக்கவில்லை' என்றது திரை.

"ஒரே நிமிஷம் சார்" என்று சர்வரை நிறுத்தினேன், ஓட விட்டேன், மறுபடி நிறுத்தினேன். அதே 404. போர்ட்டை இரண்டு ஃபைலில் மாற்ற வேண்டும், நான் ஒன்றில்தான் மாற்றியிருந்தேன். புது வாசல் வழியாக வந்தவர்கள் எங்கள் சைட்டுக்குப் போகாமல் ஒரு காலி அறையில் போய் நின்றார்கள். அப்போது இது தெரியவில்லை; இந்த ஞானம் பிறந்தது மேனேஜர் போன பிறகு.

மாமா திரையை உற்றுப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். "நாலு, சைபரு, நாலு. எட்டு மாப்ள. தொரத்திகினு வந்துட்ச்சி."

எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இவள் எத்தனை நாளாக ஆசைப்பட்ட ஆர்டர், ஒரு நம்பரால் போகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. சுமதியோ தட்டோடு வந்து நின்றாள்.

"பக்கம் இல்லன்னா என்ன சார், நான் இருக்கேன். சாப்ட்டுகினே கேளுங்க."

மெனு முழுவதையும் வாயாலேயே சொன்னாள். அவர் வத்தக்குழம்பை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு மாமாவைப் பார்த்தார்.

"எட்டுன்னா ஏன் சார் பயப்படறீங்க? நான் பொறந்ததே எட்டாம் தேதி. எனக்கு அதான் ராசி. திங்கக்கெழமைலேந்து அனுப்புங்கம்மா, கொழம்பு பிரமாதம்."

இன்று சுமதியின் சமையற்கூடத்தில் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். போர்ட்டை நான் எண்பதுக்கே கொண்டுவந்துவிட்டேன், சைட்டும் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் புதிதாக எந்தக் கம்பெனிக்காரர் வருவதாக இருந்தாலும் முந்தின நாளே மாமாவிடமிருந்து எனக்குப் போன் வந்துவிடும்.

"மாப்ள, நாளைக்கு ஒரு ஆள் வராரு. அந்தப் பக்கத்தக் கொஞ்சம் காணாம பண்ணி வெக்கிறீங்களா?"