அரை நர்ஸ் போதும் என்று சொன்னவன்

புள்ளியியலில் பட்டம் வாங்கிய புதிதில் எவனுக்கும் உலகத்தில் எண்ண முடியாதது எதுவுமே இல்லை என்று தோன்றும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தோன்றியது. அறுபதுகளின் நடுப்பகுதி. மாட்டுங்காவில் வீடு, புது டெரிலின் சட்டை, ஒரு தர்ம ஸ்தாபனத்தில் தற்காலிக வேலை. (தற்காலிகம் என்பதை மட்டும் வெளியில் சொல்ல மாட்டேன்.)

தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் குடியிருந்த ஒரு சந்தில் இலவச வைத்தியசாலை திறக்க ஸ்தாபனத்தார் நினைத்தார்கள். எத்தனை டாக்டர், எத்தனை நர்ஸ் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வது என் பொறுப்பு. வீடு வீடாகப் போய் நோயாளிகளை எண்ண வேண்டும், அதை வைத்து ஆட்களை எண்ண வேண்டும். இதற்கு நான் ஒரு சூத்திரமே கண்டுபிடித்து வைத்திருந்தேன். யாரும் கேட்காமலேயே எல்லோருக்கும் அதை விளக்கினேன்.

முதல் வீடு பேச்சியம்மாளுடையது. கணவர் தோல் பட்டறைத் தொழிலாளி. சந்தில் எது நடந்தாலும் முன்னால் நிற்பவர் இந்த அம்மாள். எடுத்த எடுப்பில் "யாருக்கு என்ன நோய்?" என்று கேட்பது மரியாதையா? எங்கள் வீட்டில் என்னை அப்படி வளர்க்கவில்லை. கைகூப்பி, "எல்லாரும் சௌக்கியமா?" என்றேன்.

"சொகமா இருக்கோம்யா. ஒங்க வீட்ல எல்லாரும் சொகமா?"

"சௌக்கியம்" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்கு ஒரு பூஜ்யம் போட்டேன். உள்ளே யாரோ இருமியது காதில் விழத்தான் செய்தது. (அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.) அடுத்த வீட்டிலும் சுகம். அதற்கடுத்த வீட்டில் போர்த்திப் படுத்திருந்த பெரியவர், இதைச் சொல்வதற்காகவே எழுந்து உட்கார்ந்து, சுகம் என்றார். கையிலும் காலிலும் கட்டுப் போட்டு, மறைக்க வழியில்லாத சிலர்தான் அகப்பட்டார்கள். சூத்திரத்தில் போட்டேன். விடை, அரை நர்ஸ்.

ஸ்தாபனத்தின் செயலாளருக்கு ஒரே சந்தோஷம். "அரை நர்ஸ் போதுமென்றால் அங்கே வைத்தியசாலை எதற்கு? பாண்டுப்பில் திறந்துவிடலாம்" என்றார். நான் பெருமையோடு தலையாட்டினேன்.

அந்தச் சந்திலேயே குடியிருந்த ஆபீஸ் பியூன் மூலம் செய்தி பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மாடிப்படியில் ஒரே இருமல் சத்தம். எட்டிப் பார்த்தேன். பேச்சியம்மாள் முன்னால் வர, நான் பூஜ்யம் போட்ட சுகவாசிகள் எல்லோரும் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். நோயை நேரிலேயே காட்டிக் கணக்கைத் திருத்த வந்த படை.

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. நான் எங்கள் கதவுக்குப் பின்னால் ஒண்டினேன். அம்மாதான் வெளியே போய், "வாங்கோ, வாங்கோ. எல்லாரும் சௌக்கியமா?" என்றாள்.

"சொகமா இருக்கோம்மா!" என்றது மொத்தக் கூட்டமும்.

பேச்சியம்மாள் பட்டென்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். "ஏ பாவியளா, சீக்கக் காட்டத்தான இவ்ளோ தூரம் வந்தோம்!" பிறகு அம்மாவிடம், "என்னம்மா செய்ய? ஒரு புள்ள வீடு தேடி வந்து சொகமான்னு கேட்டா, வாசல்ல நின்னுக்கிட்டு சீக்குன்னா சொல்லுவோம்?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் பட்டம் பாதி கரைந்தது. "மொதல்ல எல்லாரும் உக்காருங்கோ, காபி தரேன்" என்றாள். அப்போதுதான் ஆரம்பித்தது.

"எனக்குச் சக்கர போடாதீய. பெரியாஸ்பத்திரில ஆவாதுன்னுட்டாவ."

"காமாலைக்குப் பத்தியம் இருக்கேன், பால் சேராது."

"ஈறு வீங்கிக் கெடக்கு தாயி, சூடு ஆவாது."

சுகமா என்று கேட்டபோது மறைத்ததையெல்லாம் காபி என்றதும் கொட்டிவிட்டார்கள். நான் பென்சிலைத் தேடி ஓடினேன்.

கடைசியில் பேச்சியம்மாளின் மகள் பாப்பா. ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. "எனக்கு வேண்டாம்மா. காலெல்லாம் வீங்குது, தல சுத்துது" என்றாள் மெதுவாக. அவளுடைய முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டதாம். கூப்பிட்டால் ஓடிவர பக்கத்தில் ஒரு நர்ஸ் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

அம்மா என்னை டாக்ஸி பிடிக்க விரட்டி, அப்போதே அவளை ஆஸ்பத்திரியில் காட்டினாள். மறுநாள் செயலாளரிடம் புதுக் கணக்கைக் கொடுத்தேன். ஒரு டாக்டர், மூன்று நர்ஸ், அவர்களில் ஒருவர் பிரசவம் பார்க்கத் தெரிந்தவர்.

"அதற்குள் இவ்வளவு நோய் எங்கிருந்து வந்தது?" என்றார்.

"காபி கொடுத்துப் பார்த்தேன் சார்" என்றேன்.

வேலை போயிற்று. (தற்காலிகம்தானே.) ஆனால் அவர் அந்தச் சந்துக்குப் போய்த் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தார். வைத்தியசாலை அங்கேயே திறந்தது. பாப்பாவுக்குப் பிறந்த பெண் குழந்தையை முதலில் கையில் வாங்கியது அங்கே வந்த நர்ஸ்தான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பட்டம் வாங்கிய அன்றுகூட வரவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் காபி வேண்டாம் என்றாலும், "உடம்புக்கு என்ன?" என்று பிடித்துக்கொள்வார்கள். பல வருஷம் கழித்து என் பெண்ணைப் பார்க்க வந்த பையன் விஷயம் தெரியாமல் காபி வேண்டாம் என்றான். என் மனைவியும் மாமியாரும் சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். மிரண்டுபோய் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, பிரமாதம் என்றான். "ஆரோக்கியமான பையன்" என்று நான்தான் முதலில் தீர்ப்புச் சொன்னேன்.

கல்யாணம் முடிந்த மறுவாரம்தான் தெரிந்தது, மாப்பிள்ளைக்கு வயிற்றுப்புண்.