நூற்று முப்பது சதவீத மனிதர்

லாஸ் வேகஸில் 'வேலைக்குப் போகாமல் சம்பாதிப்பவர்' என்று ஓர் இனம் உண்டு. போக்கர் ஆடியே பிழைப்பவர். பல வருடங்களாக இவர்களுக்குச் சீட்டுக் கலைத்துப் போடுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: லீவு இல்லாமல், முதுகுவலியோடு, சாப்பாட்டை மடியில் வைத்துத் தின்றுகொண்டு, இத்தனை பாடுபட்டு வேலைக்குப் போகாமல் இருப்பவரை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

வருமானம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். போன வருடம் ஜெயித்த நாற்பதாயிரம் டாலரைச் சொல்வார். அதற்காகக் கட்டிய நுழைவுப் பணம்? மோட்டல் வாடகை? அதெல்லாம் முதலீடாம். "லாங் ரன்ல பாக்கணும்" என்பார். வீட்டுக்காரர் மட்டும் மாதக் கணக்கில்தான் பார்க்கிறார்.

ட்வைட் ப்ராண்ட் இந்த இனத்தின் சுத்தமான வார்ப்பு. அவர் மனைவி லொரெய்னுக்குப் பல் மருத்துவரிடம் வேலை. வாடகை, கார், இன்சூரன்ஸ் எல்லாம் அவள் சம்பளத்தில் ஓடுகின்றன. இந்தக் கோடையில் அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: பெரிய போட்டியில் ஜெயித்தால் சொந்த வீடு, இல்லையென்றால் அவள் மாமாவின் டயர்க் கடையில் வேலை.

பெரிய போட்டிக்கு நுழைவுப் பணம் பத்தாயிரம் டாலர். இவர்களிடம் அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. தங்களையே பங்கு போட்டு விற்பார்கள்: நுழைவுப் பணத்தில் எத்தனை சதவீதம் தருகிறாரோ, பரிசிலும் அவருக்கு அத்தனை சதவீதம். மச்சினனுக்கு இருபது சதவீதம், முடிவெட்டுகிறவருக்குப் பதினைந்து, இப்படிக் கார் நிறுத்துமிடத்தில் கைகுலுக்கியே வியாபாரம் முடிந்துவிடும். யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. எதற்குக் கூட்ட வேண்டும்? வழக்கமாக ட்வைட் முதல் நாளே தோற்று வெளியேறிவிடுவார். சைபரில் பங்கு கேட்டு யாராவது சண்டைக்கு வருவார்களா? இந்த முறை பதின்மூன்றாயிரம் சேர்ந்தது. மிச்ச மூவாயிரத்தைச் சம்பாத்தியம் என்று மனைவியிடம் கொடுத்தார். அவள் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கிச் சந்தோஷப்பட்டாள்.

ஆனால் மனிதர் இந்த முறை பரிசை முடிவு செய்யும் கடைசி மேசை வரை வந்துவிட்டார். தடுப்புக் கம்பிக்குப் பின்னால் லொரெய்னும், பங்கு வாங்கிய கும்பலும் நின்று கைதட்டினார்கள். ட்வைட் நிமிர்ந்து பார்த்தார், மனசுக்குள் கூட்டினார், வேர்த்துக் கொட்டியது. இடைவேளையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஹெக்டர், ஒருத்தன் தன்னை நூறு சதவீதத்துக்கு மேல விக்கலாமாப்பா?"

"விக்கலாம். ஜெயிக்கத்தான் கூடாது."

அதற்குப் பிறகு வாழ்க்கையில் முதல்முறையாகத் தோற்க முயன்றார். குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு முழுப் பணத்தையும் நடுவில் தள்ளினார். அன்று பார்த்து அவருக்கு வேண்டிய சீட்டாகவே விழுந்தது. போட்டவன் நான்தான், என்ன செய்ய?

இரண்டு லட்சம் டாலர். முதல் பரிசு. லொரெய்ன் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"நம்ம பங்கு எவ்ளோ வரும், ட்வைட்?"

"லாங் ரன்ல பாக்கணும், கண்ணு."

பரிசு முழுவதும் போய், மேற்கொண்டு அறுபதாயிரம் பாக்கி நின்றது. வீட்டுக்காக அவள் சேர்த்து வைத்திருந்த பணம் அப்படியே அதற்குப் போனது. ட்வைட் இப்போது டயர் மாட்டுகிறார். வாடிக்கையாளர்களிடம் தன்னை சாம்பியன் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அது பொய்யும் இல்லை.

நீங்கள் சீட்டைத் தொட்டதே இல்லை, தெரியும். ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையை மனைவிக்கும், தங்கைக்கும், நண்பருக்கும் முழுசாக வாக்குக் கொடுத்துவிட்டு, மழை பெய்து எல்லாம் ரத்தாகட்டும் என்று வேண்டிக்கொண்டது யார்? மேகம் கலைந்து வானம் வெளுத்துக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் ஜன்னலைத் திறந்து பாருங்கள்.