மின்னல் அகல்யா

இந்த ஞாயிறோடு மனைவி அகல்யாவின் ஷட்டில் ஆட்டத்துக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று ஜீவானந்தம் சபதம் எடுத்தார். மனசுக்குள்தான். வாய்விட்டு எடுத்திருந்தால் அன்றைக்குச் சோறு கிடைத்திருக்காது.

எருமப்பட்டியில் கல்யாண போட்டோ எடுக்கிறவர். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் வீட்டில் இரண்டே பேர். ஞாயிறு மத்தியானம் கோழிக் குழம்பு, எதிரெதிரே உட்கார்ந்து ரெண்டு பேச்சு. வாரத்தில் மனுஷருக்கு அதுதான் மிச்சம். அதிலும் மண் விழுந்தது. நாற்பத்தெட்டு வயதில் அகல்யா மட்டையைத் தூக்கிக்கொண்டு நாமக்கல்லுக்குக் கிளம்பிவிட்டாள். அவளுக்கு ஷட்டில், இவருக்குப் பழைய சோறு. தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை எங்க கிளப்புல போட்டி. நீங்களே வந்து படம் எடுத்துப்போடுங்க."

இதற்குத்தானே காத்திருந்தார்!

அரங்கமா அது? நெல் குடோன் தேவலை. ஆறு விளக்கில் நாலு செத்துக் கிடந்தன. மற்ற இரண்டும் இழுத்துக்கொண்டிருந்தன. ஆடுகிறவர்களுக்குக் கண் கூசும், ஃப்ளாஷ் கூடாது என்றார் கிளப் செயலாளர் குமரகுரு. இந்த இருட்டில் ஓடுகிற ஆளைப் பிடிக்க ஷட்டர் வேகத்தை ஏற்றவேண்டும். ஜீவானந்தம் வேண்டுமென்றே இறக்கினார்; ஓடுகிற ஆள் கலங்கித்தான் விழும். படத்தைப் பார்த்ததும் வெட்கப்பட்டு மட்டையைப் பரணில் போட்டுவிடுவாள், அவ்வளவுதான்.

அகல்யா முதல் ஆட்டத்திலேயே வழுக்கி விழுந்து தோற்றாள். விழும்போதும் ஒன்று தட்டினார். எல்லாப் படத்திலும் வலை தெளிவாக இருந்தது. அகல்யா மட்டும் புகையாக இருந்தாள்.

"என்னங்க இது, ஆளையே காணோம்?"

"வயசாச்சுல்ல புள்ள. ஆட்டம் அப்படி, படம் இப்படி."

அவள் படங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இவருக்கு உறைத்தது. ஆயிரம் கல்யாணப் பெண்களை அழகாகக் காட்டிய கை, சொந்தப் பெண்டாட்டியைப் புகையாக்கிவிட்டதே, அட பாவி!

புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் பத்தடி ஃப்ளெக்ஸ். அதே புகை. 'கேமராவுக்கே சிக்காத மின்னல் அகல்யா!' ஓரத்தில், படம்: ஜீவானந்தம். டீக்கடையில் எழுந்து நின்று கைகொடுத்தார்கள். கெடுத்த கதையை யாரிடம் சொல்லி அழ?

"யாரு புள்ள அதைக் கிளப்புக்குக் குடுத்தது?"

"நாந்தாங்க."

"அது நீ உழுந்த படமாச்சே!"

"ஆளு தெரிஞ்சாத்தானுங்க உழுந்தது தெரியும்? இருவது வருசமா உங்க ஸ்டூடியோவுல உக்காந்திருக்கறவளுக்கு, ஷட்டரைக் குறைச்சு வெச்சது தெரியாதுங்களா? கிளப்புல ஒரே குசி. இனி ஞாயித்துக்கிழமையானா நீங்கதான் போட்டோ. நான் சரீன்னு சொல்லிப்போட்டேன்."

"அப்ப... கோழிக் குழம்பு?"

அகல்யாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அதுக்குத்தானா இத்தனையும்? ஆட்டம் முடிஞ்சு அங்கயே எதிரெதிரே உக்காந்து சாப்பிடலாமுங்க. வாயைத் தொறந்து கேட்டிருந்தா நானே ஆக்கிக் கொண்டாந்திருப்பேன். இப்ப நீங்களே ஆக்கிக் கொண்டாந்துடுங்க."