நான்காவது கோடும் பட்டுப் பாராசூட்டும்

ஒரு காட்டில் ஒரு விமானக் கம்பெனி இருந்தது. காட்டில் ஏது விமானம் என்று கேட்கிறவர்கள் கடைசியில் வரும் நீதியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். மற்றவர்கள் உட்காருங்கள்.

விமானம் என்பது ஒரு பெரிய பிரம்புக் கூடை. அதற்கு இரண்டு கைப்பிடிகள். முன் கைப்பிடியை ஒரு கூழைக்கடா அலகில் கவ்விக்கொள்ளும். பின் கைப்பிடியை இன்னொரு கூழைக்கடா கவ்விக்கொள்ளும். நடுவில் முயல், கீரி, முள்ளம்பன்றி என்று பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள். முள்ளம்பன்றிக்கு மட்டும் பக்கத்து இடத்துக்கும் சேர்த்து டிக்கெட் போடுவார்கள். மலையடிவாரத்திலிருந்து ஏரிக்கரை வரை சேவை. நடந்து போனால் இரண்டு நாள் ஆகும், அதுவும் வழியில் சிறுத்தை குறுக்கிடாவிட்டால்.

முன்னால் பறப்பவர் கேப்டன். அவர் தோளில் நான்கு கரிக்கோடுகள் போட்டிருக்கும். பின்னால் பறப்பவர் துணை விமானி, மூன்று கோடு. கேப்டனுக்குச் சம்பளம் விரால் மீன், துணை விமானிக்குக் கெண்டை. ஆனால் உண்மையான வித்தியாசம் மீனில் இல்லை. பயணிகளுக்கு அறிவிப்பு செய்யும் உரிமை கேப்டனுக்கு மட்டும்தான் உண்டு. பேச வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும், வாயைத் திறந்தால் கைப்பிடி போய்விடும். ஆகவே பேசுவதற்கு முன்னால் கேப்டன் தன் கைப்பிடியையும் துணை விமானியின் வாயில் திணித்துவிடுவார். இதற்குக் கம்பெனி விதிப்புத்தகத்தில் 'பொறுப்பைப் பகிர்தல்' என்று பெயர்.

மாசிலாமணி என்கிற கூழைக்கடா இப்படி நாலாயிரம் மணி நேரம் பொறுப்பைப் பகிர்ந்தவன். அவனுடைய கேப்டன் தாண்டவராயருக்கோ வானத்தில் ஏறியதும் வாய் நிற்காது.

"பயணிகள் எல்லாருக்கும் வணக்கம். நான் உங்க கேப்டன். கீழே தெரியிறது மூங்கில் காடு. அது கிடக்கட்டும், போன வாரம் ஒரு தூண்டில் வாங்கினேன் பாருங்க, கடல் தாண்டி வந்த சரக்கு!"

கூழைக்கடாவின் அலகு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே முழுக்கில் ஒரு குடும்பத்துக்கான மீனை அள்ளிவிடும். தாண்டவராயர் அந்த அலகை மூடி வைத்துக்கொண்டு, லீவு நாளெல்லாம் தொப்பியும் மடக்கு நாற்காலியுமாக ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். ஒரு மீனும் கடிக்காது. சாயங்காலம் யாரும் பார்க்காத நேரத்தில் அலகால் நாலு வாய் அள்ளித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் அந்தக் கதையை மலையிலிருந்து ஏரி வரைக்கும் சொல்வார். பயணிகள் மயங்கிப்போய்க் கேட்பார்கள்.

பின்னால் மாசிலாமணிக்குக் கழுத்து இற்றுப்போகும். ஒருநாள் எதிரே கருமேகம் திரண்டு வந்தது. சொல்ல நினைத்தான், வாயில் இரண்டு கைப்பிடி. எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள். "துணை விமானி மேகத்தைக் கவனித்துச் சொல்லவில்லை" என்று அவன் பேரிலேயே குறிப்பு எழுதினார்கள்.

அன்றைக்கு மாசிலாமணி வீட்டுக்கு வந்து மனைவி பொற்கொடியிடம் சொன்னான்: "நான் கேப்டன் ஆனா, பின்னாடி பறக்கிறவங்களை ஒரு வார்த்தையாவது கேட்பேன். 'நீ என்ன நினைக்கிறே?'ன்னு கேட்பேன். இது சத்தியம்."

"முதல்ல ஆகுங்க" என்றாள் பொற்கொடி.

நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் பின்னால் வினையாகப் போகிறது, அவசரப்படாதீர்கள்.

கொஞ்ச நாளில் ஒரு கேப்டன் பதவி காலியானது. கண்பார்வை மங்கிய ஒரு மூத்த கேப்டன், கரையில் கிடந்த முதலையை ஓடுபாதை என்று நினைத்து இறங்கிவிட்டார். மாசிலாமணி விண்ணப்பத்தை மூன்று நகலோடு கொடுத்தான். நேர்காணல் நடத்தியவர் கம்பெனியின் விமானப் பிரிவுத் தலைவர் ஆமையார். பிறந்ததிலிருந்து தரையை விட்டு ஓரடி எழும்பாதவர்.

"எத்தனை மணி பறந்திருக்கே?"

"நாலாயிரம் ஐயா. ஒரு பயணியைக்கூடக் கீழே போட்டதில்லை."

"அது கிடக்கட்டும். உன் பொழுதுபோக்கு என்ன?"

"வேலை முடிஞ்சா தூங்குவேன் ஐயா. கழுத்து வலிக்கும்."

ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். நேர்காணல் முடிந்துவிட்டதென்று அர்த்தம். மாசிலாமணி ஓட்டைத் தட்டிக் கெஞ்சினான்.

"தம்பி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, "கேப்டன்னா மேலே ஏறினதும் பேச ஒரு சங்கதி வேணும். அது காசு முழுங்கிற சங்கதியா இருக்கணும். மலிவா ஒருத்தன் பொழுதைப் போக்கினா அவனை நம்பி யாரு கூடையில ஏறுவாங்க? அடுத்த பௌர்ணமிக்குள்ள ஒரு பொழுதுபோக்கோட வா. இல்லேன்னா இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

மாசிலாமணி முதலில் கோல்ஃப் விளையாடிப் பார்த்தான். முதல் அடியிலேயே பந்து விரிசல் விட்டு, உள்ளேயிருந்து ஆட்காட்டிக் குருவியின் குஞ்சு ஒன்று எட்டிப் பார்த்தது. அம்மாக்காரி ஊரையே கூட்டிவிட்டாள். அடுத்ததாக, பணக்காரப் பறவைகளுக்கென்றே நரி நடத்தும் கடைக்குப் போனான். நரி அவன் தோளில் இருந்த மூன்று கோட்டையும் முகத்தில் இருந்த கவலையையும் பார்த்தது. உள்ளேபோய் ஒரு பட்டுப் பாராசூட்டை எடுத்து வந்து விரித்தது.

"எனக்குத்தான் இறக்கை இருக்கே" என்றான் மாசிலாமணி.

"சார், இறக்கை வேலைக்கு. இது சந்தோஷத்துக்கு."

ஐந்து வருஷத் தவணையில் பாராசூட் வீட்டுக்கு வந்தது. பொற்கொடி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எத்தனை பாவாடை தைக்கலாம்!" என்று பெருமூச்சு விட்டாள்.

பயிற்சியும் நரிதான் கொடுத்தது. குதிக்கும்போது இறக்கையை அசைக்கவே கூடாது, அது கௌரவக் குறைச்சல் என்று சொல்லி இரண்டு இறக்கையையும் கயிற்றால் கட்டிவிட்டது. மலையுச்சியிலிருந்து பிடித்துத் தள்ளியது. முதல் நாள் மாசிலாமணி பலாமரத்தில் மாட்டிக்கொண்டான். இரண்டாம் நாள் யானையின் முதுகில் இறங்கி, யானையிடம் அரை மணி நேரம் மன்னிப்புக் கேட்டான். மூன்றாம் நாள் சேற்றில் தலைகீழாக நின்றான். பிறந்து மூன்று மாதத்தில் பறக்கக் கற்றவன் இப்போது விழக் கற்றுக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் காயம். ஆனால் ஆச்சரியம் பாருங்கள், சொல்வதற்கு அவனிடம் ஒரு கதை சேர்ந்துவிட்டது.

பௌர்ணமியன்று ஆமையாரிடம் அந்தக் கதையைச் சொன்னான். யானை வரும் இடத்தில் ஆமையார் கழுத்தை முழுசாக வெளியே நீட்டிவிட்டார். அவர் கழுத்து அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் ஆபீசுக்கே தெரிந்தது.

"இத்தனை நாள் எங்கேய்யா இருந்தே?" என்று கேட்டு, கரித்துண்டை எடுத்து அவன் தோளில் நான்காவது கோட்டைத் தானே போட்டார்.

மாசிலாமணி அழுதுவிட்டான். நாலாயிரம் மணி நேரம் மூடிக்கிடந்த வாய் அல்லவா.

கேப்டனாக முதல் பயணம். பின் கைப்பிடியில் அல்லி என்கிற இளம் துணை விமானி, கெட்டிக்காரி. கூடையில் பதினோரு பயணிகள். மாசிலாமணி பாராசூட்டையும் பயணிகளுக்குக் காட்டுவதற்காகக் கைப்பிடியிலேயே கட்டி எடுத்து வந்திருந்தான். மூங்கில் காட்டுக்கு மேலே வந்ததும் தன் கைப்பிடியை அல்லியின் வாயில் கொடுத்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான். பலாமரம், யானை, சேறு எல்லாம் வந்தது. முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன. சிடுமூஞ்சிக் கீரியே சிரித்தது. மாசிலாமணிக்கு வானம் போதவில்லை.

அப்போதுதான் அவனுக்குப் பழைய சத்தியம் ஞாபகம் வந்தது. அன்பு பொங்க அல்லியின் பக்கம் திரும்பினான்.

"அல்லி, ஏரிக்கு மேற்கால போலாமா, கிழக்கால போலாமா? நீ என்ன நினைக்கிறே?"

கம்பெனியின் சரித்திரத்தில் ஒரு துணை விமானியிடம் யாரும் கேட்காத கேள்வி. அல்லிக்குப் புல்லரித்துவிட்டது.

"மேற்கால போலாம் சார்!" என்றாள்.

கூடை நேரே கீழே போனது.

இருவரும் அலறிக்கொண்டு பின்னாலேயே பாய்ந்தார்கள், கூடை அவர்களைவிட வேகமாகப் போனது. எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று கீரி கைக்கு அகப்பட்ட கயிற்றை இழுத்தது. பட்டுப் பாராசூட் படீரென்று விரிந்தது. கூடை ஆடி ஆடி இறங்கி ஏரிக்கரையில், தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த தாண்டவராயரின் தொப்பிமேல் மெதுவாக உட்கார்ந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் இருந்தவர்களைத் தவிர.

மறுநாள் விசாரணை. மாசிலாமணி தோளைத் துடைத்துக்கொள்ள ஈரத்துணியோடு போனான்.

"ஐயா, தப்பு என்னுது. நான்தான் கேட்டேன். கோட்டை அழிச்சிடுங்க" என்றான்.

"பாராசூட்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் தவணை இருக்கு?" என்று கேட்டார் ஆமையார்.

"நாலே முக்கால் ஐயா."

"அப்படின்னா நாலே முக்கால் வருஷம் நீ வேலையை விட்டு ஓடமாட்டே. இப்படிப்பட்ட கேப்டனை நான் எதுக்கு விடணும்?" ஆமையார் அல்லியின் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதாவது பொழுதுபோக்கு உண்டாம்மா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப தப்பு உன்னுதுதான்."

மாசிலாமணி வாயைத் திறந்தான். அவன்தான் இப்போது திறக்கலாமே. ஆனால் தோளில் இருந்த நான்கு கோட்டையும் ஒருமுறை பார்த்தான், வீட்டில் இருக்கும் தவணைச் சீட்டை நினைத்தான், மூடிக்கொண்டான். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

இன்றைக்கும் அந்தத் தடத்தில் கேப்டன் மாசிலாமணிதான் பறக்கிறார். பாராசூட் கதையில் இப்போது விபத்தும் சேர்ந்துவிட்டதால் கூட்டம் அலைமோதுகிறது. பேச்சு நடுவில் அவர் பின்பக்கம் திரும்புவதே இல்லை. அல்லி லீவு நாட்களில் நரியின் கடையில் பாய்மரப் படகு விலை கேட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நீதி: உனக்குக் கீழே வேலை செய்பவரிடம் மறந்தும் கருத்துக் கேட்காதே, ஊரே அவர் வாயில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.